கொட்டகையில் நிற்கும் காரும் கையில் இருக்கும் காசும்

மிக்ஸி, மெத்தை, மொபைல் புகார்களை இந்த முறை ஒதுக்கிவைத்துவிட்டேன். வீட்டில் பல வருடமாக நிற்கும் பழைய கார்களைப் பற்றிய கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். தாத்தா எவ்வளவு கம்பீரமாகக் கார் ஓட்டுவார் என்று எழுதியிருந்த பத்திகளைத்தான் அதிகம் வெட்டினேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லாத் தாத்தாக்களும் கம்பீரமாகத்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: தாத்தா 1958-ல் வாங்கிய எம்.ஜி.ஏ. 1500 ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையில் 1986 முதல் நிற்கிறது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். எஞ்சின் சுற்றவில்லை. என்னிடம் 4 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு பெயின்ட் பட்டறையில் ஒன்றேகால் லட்சத்துக்குப் புதுக் கார் மாதிரி ஆக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். தீபாவளிக்குள் ஓட்ட முடியுமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: எந்தத் தீபாவளி என்று நீங்கள் எழுதாதது நல்லதாகப் போயிற்று.

பெயின்ட் பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் பிழைத்தீர்கள். பழைய காரை எடுக்கிறவர்களில் பாதிப் பேர் முதல் பணத்தைப் பெயின்டில்தான் போடுகிறார்கள். கார் பளபளவென்று ஆகிவிடும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து பாராட்டுவார், பிரேக் பிடிக்காது. பிறகு எஞ்சினை இறக்கும்போது அந்தப் பெயின்டிலேயே ஸ்பேனர் விழும். உங்கள் 4 லட்சத்தில் பெயின்டுக்கு இடமே கிடையாது. அதற்கு அடுத்த வருடம் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொட்டகைக்கு ஒரு டார்ச்சும் பெரிய ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள். எம்.ஜி.ஏ.வின் தரை ஒட்டுப்பலகை. தோப்பில் இத்தனை வருடம் நின்றிருக்கிறது என்றால் கரையானுக்கு விருந்து வைத்திருக்கிறீர்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். பலகை போயிருந்தால் கவலை வேண்டாம், நல்ல தச்சர் அளவெடுத்துப் புதிதாக அறுத்துக் கொடுத்துவிடுவார். கவலைப்பட வேண்டியது இரும்பைப் பற்றி. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பக்கத் தகடு, கதவு தொங்கும் தூணின் அடிப்பகுதி, பலகையைத் தாங்கும் சேஸிஸ் சட்டம் ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். 'டங்' என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. சத்தமில்லாமல் உள்ளே இறங்கினால் உங்கள் பட்ஜெட்டில் ஒரு பெரிய துண்டு அங்கேயே போகிறது. அந்தத் தகட்டை வெட்டி மாற்றும்போது பாடி சேஸிஸின் மேலேயே இருக்க வேண்டும். கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்த பிறகே வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் பாடி தொய்ந்துபோகும், அதன் பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாகச் சாத்தாது. இன்னொன்று: இந்தக் காரின் பானெட், டிக்கி மூடி, கதவுகளின் மேல்தகடு எல்லாம் அலுமினியம். டிங்கர் வேலைக்காரர் வழக்கமான இரும்பு என்று நினைத்து கேஸ் நெருப்பைக் காட்டினால் ஓட்டைதான் மிஞ்சும். வேலையைத் தொடங்கும் முன் ஒரு காந்தத்தை அவர் கையில் கொடுத்து, எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. உங்கள் காரின் 1489 சி.சி. எஞ்சின் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் 'பி' வரிசை. நம் அம்பாசடரில் பல வருடம் ஓடிய பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். அதாவது, இந்த எஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய மூத்த ஃபிட்டர்கள் கோவைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். உக்கடத்திலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் தேடினால் பாகங்கள் கிடைக்கும். ஆனால் "எல்லாம் அம்பாசடர்தான் சார், அப்படியே பூட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுடையதில் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள், சிலிண்டர் ஹெட்டிலும் வேறுபாடு உண்டு. பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய், பக்கத்தில் வைத்து அளந்து பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

சுற்றாத எஞ்சினைக் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று யாரேனும் யோசனை சொல்லியிருப்பார்கள். சொன்னவரைக் கொட்டகைப் பக்கமே விடாதீர்கள். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். மேல் மூடியைத் திறந்து வால்வுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு நாலாம் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். அசையவில்லையா, மறுபடி ஊற்றி மறுபடி காத்திருங்கள். இந்த வேலையில் பொறுமைதான் மலிவான உதிரிப்பாகம். அப்படியும் இளகவில்லை என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். கழற்றினால் லேத் பட்டறையில் கடினமான வால்வு சீட் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, வால்வு சீட்டைக் காப்பாற்றியது. நம் நாட்டில் 2000-க்குப் பிறகு ஈயம் கிடையாது.

எஞ்சின் உறுமுவதற்கு முன்னால் பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்; வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் இறுகிப்போயிருக்கும். எல்லாவற்றையும் மாற்றுங்கள். இதில் பாதி மாற்றுவது, பாதி சுத்தம் செய்வது என்ற சிக்கனம் வேண்டாம். எம்.ஜி.ஏ. ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகமாகச் செய்யப்பட்டது, அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அதனால் பிரேக், ரப்பர், ஆயில் சீல் எல்லாம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றாக வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்க வரியும் பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். முழுவதும் பிரித்துப் பார்த்து, ஒரே பட்டியலாக எழுதி, ஒரே தடவையில் வாங்குங்கள்.

எலக்ட்ரீஷியன் வரும் அன்று நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். இந்தக் கார் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேர வேண்டும்; இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். அவர் பழக்கதோஷத்தில் நெகட்டிவை பாடியில் பூட்டிவிடுவார்.

காசைப் பற்றி: பாதியை பிரேக், எஞ்சின், வயரிங் மூன்றுக்கும் வையுங்கள். ஒரு லட்சத்தைத் தொடாமல் பூட்டிவையுங்கள். எது எங்கே உளுத்திருக்கிறது என்பது பிரித்த பிறகுதான் தெரியும். மிச்சம் டயருக்கும் காகிதங்களுக்கும். காகிதம் என்றால், ஆர்.சி. புத்தகம் இன்னும் தாத்தா பெயரில்தானே இருக்கிறது? வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். 50 வருடத்தைத் தாண்டிய, உருமாற்றாத வாகனங்களுக்கு 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலைக்கு எடுக்கலாம். தினம் சந்தைக்குப் போய் வர ஆசையிருந்தால் விண்டேஜ் பதிவு உங்களுக்கு ஒத்துவராது.

கேள்வி: ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். விலை மற்ற இடங்களில் கேட்பதில் பாதி. வாங்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: கூடாது.

கேள்வி: கணவர் ஆசையாக வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். அவர் காலமான பிறகு ஓட வைக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் விட்டேன். இரண்டு தவணையாக 1,80,000 ரூபாய் வங்கி மூலம் அனுப்பினேன். ரசீது தரவில்லை. இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன்; கார் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. கார்புரேட்டரும் குரோம் பட்டிகளும் இல்லை. கேட்டால், நிறுத்தி வைத்ததற்கு வாடகை உட்பட இன்னும் ஒரு லட்சம் கொடுத்தால்தான் எடுத்துப்போகலாம் என்கிறார்கள். அழுதுகொண்டே வந்துவிட்டேன்.
— வாசகி, திருச்சி

பதில்: அம்மா, அழ வேண்டியவர்கள் அவர்கள். ஒரு ரூபாய்கூட மேற்கொண்டு கொடுக்காதீர்கள்.

செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால், அது வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கப் பட்டறைக்காரருக்கு உரிமை உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு அது. செய்யாத வேலைக்கும், பேசாத வாடகைக்கும் அந்த உரிமை கிடையாது. நீங்கள் வங்கி வழியாகப் பணம் அனுப்பியது பெரிய புத்திசாலித்தனம். அந்தக் கணக்கு அறிக்கைதான் உங்கள் ரசீது. வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு இன்னொரு முறை போய், கார் இருக்கும் கோலத்தைப் படம் எடுங்கள். கார்புரேட்டர் இருக்க வேண்டிய வெற்றிடத்தை நெருக்கத்தில் எடுங்கள். பிறகு, என்ன வேலை செய்தீர்கள், எந்தப் பாகம் எங்கே என்று கேட்டு, 15 நாள் கெடு வைத்து, கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கான அத்தாட்சியோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அதோடு நிறுத்தாமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடக் கால வரம்பு இருக்கிறது, அதனால் இந்த மாதமே செய்யுங்கள். காணாமல் போன பாகங்களுக்குத் தனியாகக் காவல் நிலையத்தில் நம்பிக்கை மோசடிப் புகார் கொடுங்கள். ஹெரால்டு நம் சென்னையில் செய்த கார். அதன் அசல் பாகங்களைத் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பட்டறைக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

மற்ற வாசகர்களுக்கு இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது ரூபாய்த் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள், இரண்டு லட்ச ரூபாய் வேலையை "அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டு வருகிறீர்கள். எந்த அண்ணன்? பட்டறையில் கார் நுழையும்போதே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: என்னென்ன வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு நாள், இதற்கு மேல் செலவானால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற ஒரு வரி. பழைய பாகம் எதுவாக இருந்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று இன்னொரு வரி. தேய்ந்த புஷ், உடைந்த ஸ்பிரிங், துருப்பிடித்த போல்ட் எல்லாம் ஒரு சாக்குப்பையில் வீட்டுக்கு வர வேண்டும். கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றின் எண்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு கட்டம் முடிந்தால் ஒரு தவணை. "எங்களை நம்பவில்லையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நல்ல ஃபிட்டர் யாரும் இதைக் கேட்டதில்லை. அவர்களே பழைய பாகத்தைத் துடைத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எழுதித் தர மறுக்கிற பட்டறையிலிருந்து காரைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் நஷ்டமில்லை.

நான் ஒரு முறை பம்பருக்குக் குரோம் பூசக் கொடுத்தேன். வாயால் பேசிய விலை, வாயால் பேசிய தரம். கண்ணாடி போல மின்னிக்கொண்டு வந்தது. அடுத்த மழைக்காலத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. செம்பு, நிக்கல், அதன் மேல் குரோம் என்று மூன்று அடுக்கு போட வேண்டிய இடத்தில் செம்பை விட்டுவிட்டார்கள். போய்க் கேட்டால், "நீங்கள் செம்பு போடச் சொல்லவே இல்லையே" என்றார் கடைக்காரர். தாளில் இருந்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி: ஆறரை லட்சம் கொடுத்து ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். வீடியோ பார்த்து முடிவு செய்தேன், முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். லாரியில் வந்து இறங்கிய பிறகு மெக்கானிக் பார்த்துவிட்டு, இது கூரையை வெட்டிய ஹெரால்டு என்கிறார். விற்றவர் தனிநபர். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?
— வாசகர், பெங்களூரு

பதில்: போட முடியாது. வியாபாரியிடம் வாங்கினால்தான் நுகர்வோர் சட்டம். சொந்தக் காரை விற்ற தனிநபர் அதில் வரமாட்டார். ஸ்பிட்ஃபயர் என்று எழுத்தில் சொல்லி விற்றிருந்தால் மோசடிக்காகக் காவல் துறையிலும் உரிமையியல் நீதிமன்றத்திலும் முறையிடலாம். அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இல்லையென்றுதான் நினைக்கிறேன்.

ஆறரை லட்சத்துக்கு ஒரு இஞ்ச் டேப் இலவசமாகவே கொடுத்திருப்பார்களே, தம்பி. ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் அடித்தளத்திலிருந்து பிறந்த கார்தான். முழு முன்பக்கமும் வாயைப் பிளப்பதுபோல் திறக்கும் அந்த பானெட் இரண்டிலும் உண்டு. ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஹெரால்டில் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83 அங்குலம். எட்டரை அங்குலத்தை எந்தப் பட்டியும் பெயின்டும் மறைக்காது. விற்பவரை டேப் வைத்து வீடியோ காட்டச் சொல்லியிருந்தாலே போதும். அனுமதியில்லாமல் காரின் உருவத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு விரோதம், விண்டேஜ் பதிவும் கிடைக்காது. ஆர்.சி.யில் என்ன பெயர் இருக்கிறது, சேஸிஸ் எண் அதோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் காரை வெளியே எடுக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவின் மொரிஸ் மைனர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இப்போது நெடுங்காலமாகக் கராஜில் நிற்கிறது. எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு ஜப்பான் எஞ்சின் போடச் சொல்கிறார் மெக்கானிக்.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அந்த எஞ்சின் பட்ட பாட்டுக்கு அதைத் தூக்கி எறிவது பாவம். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அவசரப்பட வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் முழுவதும் எரிவதில்லை. மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்திருக்கும். அதனால் பேரிங்குகளும் ரிங்குகளும் தேய்ந்திருக்கலாம், உள்ளே கரி அப்பியிருக்கும். எஞ்சினைப் பிரித்து, கிராங்கையும் சிலிண்டரையும் அளந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே பி.எம்.சி. 'ஏ' வரிசை எஞ்சின்தான். மினி காரில் 2000 வரை வந்தது, ஆகவே உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஜப்பான் எஞ்சின் போட்டால் அதோடு கியர் பெட்டி, மவுன்டிங், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண்ணையும் மாற்றியாக வேண்டும். மெக்கானிக் அந்தச் செலவையெல்லாம் சேர்த்துச் சொன்னாரா?

கேள்வி: இருபது வருடம் நின்ற காரில் டயர் பட்டன் அப்படியே இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், மதுரை

பதில்: மாற்றுங்கள். பட்டன் தேயவில்லை, ரப்பர் செத்துவிட்டது. புதிது வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 3512 என்றால் 2012-ன் 35-வது வாரத்தில் செய்தது. சலுகை விலையில் நான் வாங்கிய புத்தம் புது டயர்களில் இந்த எண்ணை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். அவை இப்போது மாடியில் செடி வளர்க்கப் பயன்படுகின்றன.

கேள்வி: 1960-களின் காருக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றலாமா?
— வாசகி, சேலம்

பதில்: வேறு வழியில்லை, பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாபிரம், வாஷர் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். கலவை மெலிந்துபோவதால், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வரும்படி கார்புரேட்டரைக் கூட்டி வைக்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நின்றால் டேங்கின் அடி துருப்பிடிக்கும். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கை வடித்து விடுங்கள்.

கேள்வி: 4 லட்சம் போட்டுச் சரிசெய்து 8 லட்சத்துக்கு விற்கலாம் என்று இருக்கிறேன்.
— வாசகர், சென்னை

பதில்: 4 லட்சம் 7 லட்சமாகும், 8 லட்சம் 5 லட்சமாகும். விற்பதுதான் எண்ணம் என்றால் கழுவிக்கூட விடாமல், ஒரு போல்ட்டும் கழற்றாமல், இருக்கிற கோலத்திலேயே விற்றுவிடுங்கள். பாதி பிரித்த காரை யாரும் நல்ல விலைக்குக் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: அப்பாவின் கார் எங்கள் மூன்று சகோதரர்களுக்கும் பொது. அண்ணன்கள் இருவருக்கும் அக்கறை இல்லை. என் செலவில் சரிசெய்யப் போகிறேன். ஏதாவது சிக்கல் வருமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: வரும். கார் கொட்டகையில் நிற்கும்வரை அது உங்கள் தலைவலி. ஸ்டார்ட் ஆகிற அன்று அது மூன்று பேர் சொத்து. காரில் தங்களுக்கு உரிமை வேண்டாம், தம்பி பெயருக்கு மாற்ற ஆட்சேபனை இல்லை என்று அண்ணன்கள் இருவரிடமும் முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றவும் அது தேவைப்படும். கார் ஓடாத இப்போதே கேளுங்கள், உடனே போட்டுக்கொடுத்துவிடுவார்கள். ஃபிட்டரை அதன் பிறகு கூப்பிட்டால் போதும்.